மலை பங்களாக்காரி ரெட்டியபட்டிக்கு வந்த கதை

அன்றைக்கு அந்த ஷேர் ஆட்டோவில் இருந்தவர்கள்: முன்னால் நாவல், பின்னால் நான், எனக்குப் பக்கத்தில் பேச்சியம்மா அக்கா, அக்காவின் காலடியில் ஊசி போடக் கூட்டிப்போன ஒரு வெள்ளாடு. ஆட்டைச் சேர்க்காமல் விட்டால் அக்கா சண்டைக்கு வருவார். அதுவும் கதை கேட்டது.

நாவல் என்பது டிரைவருக்கு நாங்கள் வைத்த பெயர். எம்.ரெட்டியபட்டிக்கும் அருப்புக்கோட்டைக்கும் இடையில் ஒரு சொட்டு மழை இல்லாமல் நாவல் ஓட்டத் தெரிந்த ஒரே மனிதர் அவர்தான். டவுன் நூலகத்தில் புத்தகம் எடுப்பார், சவாரி இல்லாத மத்தியானத்தில் படிப்பார், மறுநாள் ஓட்டிக்கொண்டே எங்களுக்குச் சொல்வார். ஆனால் புத்தகத்தில் இருக்கிற ஊர் அவருக்கு ஆகாது. எந்த ஊர்க் கதையாக இருந்தாலும் முதல் காரியமாக எங்கள் கரிசல் காட்டுக்குக் கொண்டுவந்து இறக்கிவிடுவார். இறக்கிய மறு நிமிடமே அந்த ஆட்கள் வேறு ஆட்களாகிவிடுவார்கள்.

அப்போது ஓடிக்கொண்டிருந்தது ஒரு மலை பங்களாக் கதை. நாயகி ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, மழையைப் பார்த்து, வெளியூர் போன காதலனை நினைத்துப் பக்கம் பக்கமாக மனதுக்குள்ளேயே பேசுவாளாம். எங்கள் ஊரில் ஜன்னலைத் திறந்தால் புழுதி. அதனால் நாவல் அவளைப் பஸ் ஸ்டாப்பில் கொண்டுவந்து நிறுத்தினார். நின்றதும் வந்தது வம்பு. போகிறவர் வருகிறவர் எல்லாம் யாருக்காக நிற்கிறாய் என்று கேட்க, அவள் பதில் சொல்ல, ஒரே வாரத்தில் அந்தப் பெண் பெரிய வாயாடி ஆகிவிட்டாள். மனதுக்குள் பேச அவளுக்கு நேரமே கிடைக்கவில்லை. கதை முழுக்க வெறும் பேச்சுதான். அவன் ஊருக்குப் போகுமுன் இருவரும் மழையில் நனைந்து காதல் பிறக்கும் இடத்துக்குக் கூட்டுக்குடிநீர்க் குழாயை உடைத்துவிட்டார். நனைந்த இருவரும் காதலிப்பதற்கு முன்னால் ஆளுக்கு நாலு குடம் பிடித்தார்கள்.

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். இதெல்லாம் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசை. அவளை மலையிலேயே விட்டிருக்கலாமே என்று ஒருநாள் கேட்டேன்.

“மழை நிக்கிற வரைக்கும் அங்க அவளுக்கு வேலையில்ல தம்பி. அதான் யோசிக்கிறா. இங்க வெயிலு யோசிக்க விடுமா?”

முடிவை மட்டும் சொல்லவே மாட்டார். வேகத்தடை வந்தால் கதையில் யாராவது கதவைத் தட்டுவார்கள். ஸ்டாப் வந்தால் மிச்சம் நாளைக்கு. திருப்பூர் போன காதலன் வருவானா மாட்டானா என்று ஒரு மாதமாகப் பேச்சியம்மா அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

அன்றைக்கு எனக்கும் இறங்கவில்லை. பிரசவத்துக்கு என் மனைவியை முந்தின நாள் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். துணி எடுக்க நான் வீட்டுக்கு வந்த இடத்தில் மச்சினன் போன் செய்து, “மச்சான், ஒடனே வாங்க” என்றான். அதோடு லைன் அறுந்தது. திரும்பக் கூப்பிட்டால் சுவிட்ச் ஆஃப். காற்றடித்தாலே கூரை போய்விட்டதோ என்று பதறுகிற ஆள் நான். ஆட்டோவில் ஏறி உட்காருவதற்குள் மனதுக்குள் கருமாதி வரைக்கும் போய்விட்டேன்.

விஷயத்தைக் கேட்டுக்கொண்ட நாவல் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

“இன்னைக்கு முடிவத்தான் மொதல்ல சொல்லப் போறேன். அவன் வந்துட்டான். நல்லா இருக்கான்.”

பேச்சியம்மா அக்காவுக்குக் கோபம். “ஏப்பா, ஒரு மாசமா எங்களக் காயவிட்டுட்டு இப்பிடிப் பொசுக்குன்னு முடிச்சுட்ட?”

“முடிவு தெரிஞ்சுபோச்சுல்ல. இனி எப்பிடி வந்தான்னு மட்டும் கேளுங்க.”

வழி நெடுக அவன் வந்தான். மதுரையில் பஸ்ஸைத் தவறவிட்டான், லோடு வண்டியில் தொற்றினான், காலில் கருவேல முள் ஏறியது. எத்தனை இடைஞ்சல் வந்தாலும் எனக்குப் பயமாக இல்லை. வந்து சேர்ந்துவிடுவான் என்றுதான் தெரியுமே. வேகத்தடைகளில் யாரும் கதவைத் தட்டவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது எனக்கு மூச்சு சீராக வந்தது. காசை நீட்டினேன். முடிவைச் சொல்லிவிட்ட அன்றைக்கு வாங்குவதில்லை என்று போய்விட்டார்.

உள்ளே பெண் குழந்தை. இருவரும் நலம். மச்சினன் போனில் சார்ஜ் இல்லை, அவ்வளவுதான்.

மகள் தவழ ஆரம்பித்த பிறகு அந்தப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். விரல் வைத்துப் படித்து முடிக்க மூன்று வாரம் ஆனது. மழை இருந்தது, ஜன்னல் இருந்தது. அவன் மட்டும் கடைசி வரை வரவே இல்லை. நேராக நாவலிடமே போய்க் கேட்டேன்.

“அது மலையூரு தம்பி. அங்க வராமப் போவான். நம்ம பஸ் ஸ்டாப்புல அத்தன பேரு கேட்டுக்கிட்டு நிக்கையில, வராம எப்பிடி?”

இப்போதும் அவர் ஆட்டோவில்தான் போகிறேன். மற்ற நாளுக்குக் காசு வாங்கிக்கொள்வார். அந்த ஒரு நாளுக்கு மட்டும் நீட்டினால் கையைத் தட்டிவிடுவார். பாக்கி, இருபது ரூபாய்.