எங்கள் தெருவுக்கு ஏன் தனி விதி

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமியார் எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் சௌக்கியம் என்று எழுதுவது முறை, எழுதிவிட்டேன். அங்கு என் மகள் சௌக்கியமா என்று கேட்பதும் முறை, கேட்டுவிட்டேன். இனி முறையெல்லாம் கிடையாது. வானம் மூன்று நாளாக மூடிக்கொண்டு நிற்கிறது. ஒரு வரி எழுதுகிறேன், எழுந்து போய்ப் பின்கதவைத் திறந்து ஓடையைப் பார்க்கிறேன், வந்து அடுத்த வரி எழுதுகிறேன். அதனால் கோர்வை இல்லாமல் இருந்தால் ஓடையைத் திட்டுங்கள்.

உங்கள் ஆபீசிலிருந்து போன வாரம் ஒரு பெண் வந்தாள். கையில் அட்டை, காலில் பெரிய பூட்ஸ். "பாட்டி, உங்க தெருவுக்கு ஏன் தனி விதின்னு காரணம் சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்றாள். "அம்மாடி, இதைக் கேக்க இத்தனை வருஷமா ஒரு நாதி இல்லையேன்னு இருந்தேன், உக்காரு" என்று ஆரம்பித்தேன். என் பெரிய நாத்தனார் என் பித்தளைக் குடத்தை இரவல் வாங்கிப் போய் நசுக்கித் திருப்பித் தந்தது, உங்கள் மாமனார் வேலையை விட்டதை என்னிடம் ஏழு மாதம் சொல்லாதது, உங்கள் கல்யாணத்தில் உங்கள் சித்தப்பா என்னைச் சமையல்காரி என்று நினைத்துத் தண்ணீர் கேட்டது எல்லாம் சொன்னேன். அவள் ஒரு எழுத்துகூட எழுதவில்லை. கடைசியில் என் சின்ன மகள்தான் உள்ளேயிருந்து வந்து, "ஐயோ அம்மா, அவங்க கேக்கறது தலைவிதி இல்ல, சட்ட விதி" என்றாள். இரண்டுக்கும் ஒரே வார்த்தையை வைத்தவன் யார்? அவனும் ஒரு மருமகனாகத்தான் இருக்க வேண்டும்.

பிறகு அந்தப் பெண் பொறுமையாக விளக்கினாள். நாடு முழுக்க ஓடையிலிருந்து பத்தடி தள்ளிக் கட்டிடம் கட்டலாமாம். எங்கள் தெருவுக்கு மட்டும் நாற்பதடி என்று வைக்க நகராட்சி ஆசைப்படுகிறதாம். ஆனால் ஊருக்கு ஒரு சட்டம், எங்களுக்கு ஒரு சட்டம் என்று சும்மா வைக்க முடியாதாம். இந்த இடம் மற்ற இடம் மாதிரி இல்லை என்று காட்ட வேண்டுமாம். அதைப் பார்த்து அறிக்கை எழுதுகிறவர் நீங்களாம். "வேறுபாடு எதுவும் தென்படவில்லை" என்று எழுதி வைத்திருக்கிறீர்களாம். எப்படித் தென்படும்? நீங்கள் வந்தது கொளுத்துகிற வெயிலில். ஓடையில் கோழி நடந்துகொண்டிருந்தது. நாளை சாயங்காலத்துக்குள் எழுத்தில் காரணம் வராவிட்டால் பத்தடிதான் நிற்குமாம். எதிர்க்கரையில் மரக்கடைக்காரர் செங்கல் இறக்கி விட்டார். தண்ணீர் ஏறினால் பாதியாவது இப்போது அவருடைய காலி மனையில் போய்ப் படுத்துக்கொள்கிறது. அவர் அங்கே மூன்று மாடிக் கிடங்கு எழுப்பினால் அத்தனையும் என் சமையலறைக்குத்தான் வரும். இந்த வயதில் நான் எந்த வீட்டுக்குப் போவேன்? உங்கள் வீட்டுக்கா? நினைத்துப் பாருங்கள், இருவருக்கும் நல்லதில்லை.

காரணம் கேட்டீர்களே, இதோ. உங்கள் மனைவி மூன்றாம் வகுப்பு படித்தபோது முதல் தடவை வந்தது. அவளுடைய புத்தகப் பை வாசல் வழியாகப் பள்ளிக்கூடம் இருக்கும் திசையிலேயே மிதந்து போனது, அவளுக்கு இல்லாத அக்கறை அதற்கு இருந்தது. இரண்டாவது, உங்கள் கல்யாணம் முடிந்த ஒன்பதாம் நாள். நீங்கள் எனக்குக் கொடுத்த ஒரே பரிசான மேசைக் கடிகாரம் போயே போய்விட்டது, அதில் எனக்கு வருத்தம் குறைவு. மூன்றாவது, போன வருஷத்துக்கு முந்தின வருஷம். காலி கேஸ் சிலிண்டர் கூடத்துக்கு வந்து விருந்தாளி மாதிரி சோபாவில் சாய்ந்துகொண்டது. மூன்று தடவையும் மேல்தெருவில் ஏறவில்லை, கீழ்த்தெருவில் ஏறவில்லை. என் வீட்டுப் பின்னால் வந்ததும் தண்ணீர் நிற்கிறது, யோசிக்கிறது, ஏறுகிறது. இந்த இடத்து ஓடையின் குணம் அப்படி. இதைவிட என்ன தனி வேண்டும்?

உங்களுக்குப் பிரஷர் என்றதும் பதினோரு வருஷமாக நீங்கள் வருகிற நாளெல்லாம் உப்பில்லாமல் தனி அடுப்பில் தனிச் சட்டியில் சமைக்கிறேன். "இந்த நாக்கு மற்ற நாக்கு மாதிரி இல்லை என்று எழுத்தில் காட்டுங்கள்" என்று நான் கேட்டேனா? ஒரு நாக்குக்குத் தனி விதி உண்டு, ஒரு தெருவுக்குக் கிடையாதா?

குழந்தைகளுக்கு என் முத்தம். உங்களுக்கு நீண்ட ஆயுளும் நல்ல கண்பார்வையும் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
மாமியார்

பின்குறிப்பு: உறையில் போட்டுச் சின்னவளிடம் கொடுத்தனுப்பும் நேரத்தில் அந்த பூட்ஸ் பெண் கழியோடு மறுபடி வந்தாள். ஓடைக்குள் குத்திப் பார்த்துவிட்டு, "பாட்டி, உள்ள வட்டமா ஏதோ கெடக்குது, சிமெண்டுத் தொட்டி மாதிரி. தண்ணி இதுலதான் முட்டித் திரும்புது" என்றாள். "எனக்கென்னம்மா தெரியும்" என்றேன். தெரியும். அந்தக் காலத்தில் மரக்கடைக்காரரின் அம்மா அந்த இடத்தில் துணி துவைத்து, சோப்பு நுரையை எங்கள் பக்கம் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தாள். கேட்டதற்கு, "ஓடை என்ன உங்கப்பன் வீட்டுதா?" என்றாள். மறுநாளே நானும் உங்கள் மாமனாரும் எங்கள் உடைந்த தொட்டியை உருட்டி, அவள் உட்காருகிற இடத்திலேயே தள்ளினோம். முதல் வெள்ளம் அடுத்த மாதம் வந்தது. இரண்டுமே தேதியோடு எனக்கு ஞாபகம் உண்டு. ஆனால் ஒன்று கோபத்தோடு கிடந்தது, மற்றது கஷ்டத்தோடு கிடந்தது. இருபத்தெட்டு வருஷத்தில் இரண்டையும் நான் ஒரே நாளில் நினைத்ததில்லை.

ஆகவே மேலே எழுதியதை இப்போதைக்கு யாரிடமும் காட்டாதீர்கள். இடத்தின் தனித்தன்மை என்று சட்டம் சொல்வதில் மாமியாரும் சேருவாளா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். சேரமாட்டாள் என்றால் பத்தடிதான் நிற்கும், வெள்ளம் வருமுன் தொட்டியை நாளைக்குள் தூக்கியாக வேண்டும். இந்தத் தெருவில் சங்கிலியும் ஆளும் மரக்கடைக்காரரிடம்தான் இருக்கிறது. அவரிடம் நான் பேசமாட்டேன், நீங்களே வந்து கேளுங்கள். தொட்டி யாருடையது என்று அவர் கேட்டால், ஓடை யார் அப்பன் வீட்டுடையதோ அவருடையது என்று சொல்லுங்கள்.