மூன்றாவது மேசைக்கு ஓர் இந்தியர்

பல்லினப் புரிந்துணர்வுப் பயிற்சிக்கு மேசைகள் மூன்று. கைவசம் இருந்த இந்தியர்கள் இரண்டு பேர். ஒருவன் லியோனல், மற்றவள் வாணி.

ஒவ்வொரு மேசையிலும் மலாய்க்காரர், சீனர், இந்தியர் கலந்து உட்கார வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. அதைப் பார்வையிட டைரக்டரே வருகிறார். வருடக்கணக்காகத் தற்காலிக அதிகாரியாகவே குப்பை கொட்டும் லியோனலுக்கு, இன்றைய ஏற்பாட்டில் சொதப்பினால் நிரந்தரப் பதவி கனவிலும் கிடையாது.

"வாணி, நான் ரெண்டாவதுல இருக்கேன், நீ மூணாவது மேசைக்குப் போ."

"அப்போ முதல் மேசை, சார்?"

"டைரக்டர் அங்க போறப்ப எந்திரிச்சு ஓடி வந்துரு."

"நான் என்ன பந்தா லா, அங்கயும் இங்கயும் உருள?"

மூன்றாவது மேசையில் காப்பி குடித்துக்கொண்டிருந்த ஸ்வீ லான் களுக்கென்று சிரித்தார். செர்காம் கிளை ஆபீஸிலிருந்து வந்தவர்.

"அந்தச் சீனத்தி எதுக்குச் சிரிக்குது?"

"காப்பி நல்லா இருக்கும் சார்."

வெளியே கான்ட்ராக்ட் தோட்டக்காரர் பிச்சைமுத்து புல் வெட்டிக்கொண்டிருந்தார். லியோனலுக்கு மூளையில் பல்ப் எரிந்தது. அன்று வியாழக்கிழமை, அரசு ஊழியர் எல்லாரும் பூப்போட்ட பாத்தேக் சட்டை போடும் நாள். காரில் ஒன்று உபரியாகக் கிடந்தது.

"அண்ணே, இதப் போட்டுக்கிட்டு உள்ள வந்து மூணாவது மேசையில உட்காருங்க. வாயை மட்டும் திறக்காதீங்க."

"சாப்பிடவுமா?"

"பிரியாணிக்குத் திறக்கலாம்."

டைரக்டர் வந்தார். நேராக மூன்றாவது மேசைக்கே போய், பிச்சைமுத்துவிடம் எந்தப் பிரிவு என்று மலாயில் விசாரித்தார்.

"புல்லு, துவான்," என்றார் அவரும் மலாயிலேயே.

விவசாயப் பிரிவு என்று நினைத்து டைரக்டர் தலையாட்டினார். லியோனலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அந்த நேரம் பார்த்துப் பயிற்சியாளர் கேட்டார்: "இங்கே யாராவது ஒதுக்கப்பட்டதாக உணர்ந்தது உண்டா?"

பிச்சைமுத்து எழுந்து மலாயிலேயே சொன்னார்.

"நான் தண்ணி குடிக்க வந்தாகூட லியோனல் சாரு பின்வாசல் வழியாத்தான் வரச் சொல்வாரு. இன்னைக்குத்தான் முன்வாசலப் பார்த்தேன்."

கூட்டமே கைதட்டியது. டைரக்டர் தட்டவில்லை.

"இவர் நம்ம ஆபீஸா?"

லியோனல் குறுக்கே ஓடி வந்தான். "இல்ல துவான்... இந்த மேசைக்கு இந்தியர் கிடைக்கல, அதான்..."

ஸ்வீ லான் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"யாரு தம்பி கிடைக்கலன்னு சொன்னது?" சுத்தமான எஸ்டேட் தமிழ். "பொறந்த கையோட என்னை எடுத்து வளர்த்தது ரெம்பியா எஸ்டேட் முனியாண்டி. சீனத்துல எனக்கு ஒரு வார்த்தை தெரியாது. இந்த மேசைக்கு நீங்க தேட வேண்டியது இந்தியர் இல்ல, ஒரு சீனர்!"