தேசிய முதுகு

உலக நாடுகளெல்லாம் கால்பந்தைக் காலால் ஆடிக் காலத்தை வீணடித்துக்கொண்டிருந்தபோது, அதை முதுகால் ஆடலாம் என்று மனித குலத்துக்கு அறிவித்த பெருமை நம் தேசிய அணி ஒன்றையே சேரும். பொறாமைக்காரர்கள் சிலர் இந்தச் சரித்திரத்தை மறைக்கப் பார்க்கிறார்கள். மறைக்கிற அகலமா அது?

அதற்கு முந்தைய சரித்திரம் சுருக்கமானது. வெற்றியும் தோல்வியும் வீரனுக்கு அழகு என்பார்கள். அந்த அழகில் ஒரு பாதியை நம் அணி முப்பது ஆண்டுகளாகக் கட்டிக் காத்துவந்தது. ஆடியதெல்லாம் தோல்வி, அடித்த கோல் ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு தோல்விக்கும் கால்பந்துச் சங்கம் ஒரு காரணம் வெளியிடும். வெயிலடித்தால் வெயில், மழை பெய்தால் மழை. இரண்டும் இல்லாத ஒருநாள், "மிதமான வானிலை நம் வீரர்களைக் குழப்பிவிட்டது" என்று அறிக்கை வந்தது. சங்கத் தலைவர் சிமெண்ட் குழாய் வியாபாரி. ஆட்டம் பார்க்க வந்தால் இடைவேளையில் மட்டும் எழுந்து நின்று கைதட்டுவார். எதிரணி கோல் போடாத நேரம் அது ஒன்றுதான்.

இந்த அணியில் முன்வரிசையில் ஆடியவர் ஒரு மின்வாரிய ஊழியர். எதிரணியின் கோலுக்கு முன்னால் போய் நின்றாரென்றால் நின்றதுதான். பந்து வந்தாலும் நகரமாட்டார், போனாலும் நகரமாட்டார். அதனால் சகவீரர்கள் அவரை "மின்கம்பம்" என்றார்கள். புகழ் வந்த பிறகு அதற்கும் ஒரு மரியாதை கூடிக் "கம்பத்தார்" ஆனது.

அந்தப் பொன்னாளில் சொந்த ஊர் மைதானத்தில் ஆறு கோல் வாங்கி முடித்திருந்தோம். ஆட்டம் முடியும் நேரம். கம்பத்தாரின் மனைவி மைதானத்து வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலையில் இவர் வீட்டைப் பூட்டிச் சாவியைத் தன் பையிலேயே போட்டுக்கொண்டு வந்துவிட்டார். அவள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கையை ஆட்டி ஏதோ கத்தினாள். இவர் திரும்பி நின்று, "பையில இருக்கு! பையில!" என்று சைகை காட்டினார். அந்த நேரம் பார்த்து எதிரணிக் கோல்கீப்பர் பந்தை ஓங்கி உதைத்தார். பந்து கம்பத்தாரின் முதுகில் பட்டு, வந்த வழியே திரும்பிப் போய், உதைத்தவர் தலைக்கு மேலாக வலைக்குள் விழுந்தது.

கம்பத்தார் குப்புற விழுந்தார். அவர் மேல் பத்துப் பேர் விழுந்தார்கள்.

"எதுக்குடா அடிக்கிறீங்க?" என்றார் அடியிலிருந்து.

"கோல் விழுந்துருச்சுண்ணே!"

"ஏழாவதா?"

"நம்ம கோலுண்ணே!"

"யாருடா அடிச்சது?"

"நீங்கதாண்ணே!"

"எப்ப?"

ஒன்றுக்கு ஆறு என்று தோற்றோம். நாடு மூன்று நாள் பட்டாசு வெடித்தது. எதிரணியினர் தாங்கள் ஜெயித்ததைச் சொல்லிப் பார்த்தார்கள். யார் காதிலும் ஏறவில்லை.

மறுவாரம் தலைவர் தன் அறைக்குக் கம்பத்தாரை அழைத்தார். செயலாளர், அப்போதைய பயிற்சியாளர், தமிழ் ஆலோசகர் எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

"சொல்லுங்க. அந்த நேரத்துல உங்க மனசுல என்ன இருந்துச்சு?"

கம்பத்தார் பொய் பேசாதவர். "சாவிங்க ஐயா."

தலைவர் மேசையைத் தட்டினார். "கேட்டீங்களா? சாவி! வெற்றியின் சாவி! எவ்வளவு ஆழமா சொல்றாரு பாருங்க!"

"இல்லீங்க ஐயா, வீட்டுச் சாவி..."

"வீடுன்னா நாடு," என்று தமிழ் ஆலோசகர் பக்கத்தில் இருந்தவருக்கு விளக்கினார்.

பயிற்சியாளர் மட்டும் எழுந்து, "ஐயா, அது தற்செயலா பட்டது. பசங்களுக்கு முதல்ல பந்தை நிறுத்தக் கத்துக்கொடுக்கணும்," என்றார். அன்று மாலையே அவருக்கு ஓய்வு கொடுக்கப்பட்டது. "கால் சார்ந்த பழமைவாதி" என்று அறிக்கை சொன்னது.

இனி அணி முழுவதும் முதுகால்தான் ஆடும் என்று முடிவானது. அதற்குப் "புறமுதுகு உத்தி" என்று செயலாளர் பெயர் வைத்தபோதுதான் தமிழ் ஆலோசகருக்குத் திக்கென்றது. "புறமுதுகு காட்டுறது நம்ம மரபுல இழிவுங்களே!"

"அது முதுகைக் காட்டி ஓடுறவனுக்கு," என்றார் தலைவர். "இவரு ஓடினாரா? நின்னாருய்யா!"

மரபுச் சிக்கல் தீர்ந்தது. கம்பத்தார் தலைமைப் பயிற்சியாளர் ஆனார்.

முதல் நாள் அவருக்குக் கூச்சமாக இருந்தது. தான் செய்யாத ஒன்றைப் பிறருக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது? ஆனால் மாலை போட மாலை போடக் கழுத்துக்குப் பழகிவிடுகிறதல்லவா, அதுபோலக் கூச்சமும் பழகிவிட்டது. மின்வாரியத்தில் அவர் நடந்தால் பின்னால் நடப்பவர்கள் மரியாதையாக ஒதுங்கினார்கள். தெருவில் தாய்மார்கள் குழந்தைகளைத் தூக்கி வந்து அவர் முதுகைத் தொட வைத்தார்கள். தேசத்தின் சொத்துக்குச் சேதம் வரக்கூடாது என்று அவர் குப்புறப் படுக்கத் தொடங்கினார். "அணிக்குப் பின்னடைவு" என்று முன்பெல்லாம் திட்டி எழுதிய பத்திரிகைகள் இப்போது அதே தலைப்பைப் பாராட்டாகப் போட்டன.

ஒருநாள் முதுகுக்குத் தைலம் தேய்த்தபடியே மனைவி சொன்னாள்: "அன்னைக்கு நான் சாவி கேட்கலைங்க."

"பின்ன?"

"பந்து வருது, குனிங்க குனிங்கன்னு கத்தினேன்."

கம்பத்தார் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். பிறகு, "இதை வெளியில யார்கிட்டயும் சொல்லிடாத," என்றார்.

பயிற்சி மும்முரமாக நடந்தது. வீரர்கள் வரிசையாக முதுகைக் காட்டி நிற்பார்கள். ஓர் இயந்திரம் பந்துகளை வீசும். திரும்பிப் பார்ப்பது குற்றம் என்று விதி வந்தது. ஸ்கூட்டருக்கு இருப்பதுபோல் ஆளுக்கு ஒரு பக்கக் கண்ணாடி மாட்டலாமே என்று நம் கோல்கீப்பர் கேட்டார். இளைஞர், கெட்டிக்காரர். "நம்பிக்கை இல்லாதவன்தான் கண்ணாடி கேட்பான்," என்றார் தலைவர். கொக்கு என்று எல்லோரும் கூப்பிடும் ஒல்லியான வீரர் ஒருவர் மட்டும் பயிற்சி முடிந்ததும் சுவரோரம் போய், யாரும் பார்க்காதபோது, பந்தைக் காலால் உதைத்துப் பார்ப்பார். கம்பத்தார் அதைக் கண்டும் காணாததுபோல் போய்விடுவார்.

பிறகு அந்த வெளிநாட்டு ஆட்டம் வந்தது. விமானத்தில் சங்க நிர்வாகிகள் போக மீதி இடத்தில் அணியும் ஏறிக்கொண்டது. மைதானத்தில் நம் பதினொரு பேரும் எதிரணிக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். இது ஏதோ கண்டனப் போராட்டம் என்று நினைத்து எதிரணியினர் முதலில் மரியாதையாகக் காத்திருந்தார்கள். நடுவர் சொன்ன பிறகுதான் ஆடினார்கள். இடைவேளைக்குள் ஏழு கோல் விழுந்தது.

தலைவர் வழக்கம்போல் எழுந்து நின்று கைதட்டிவிட்டு விருந்தினர் அறைக்குப் போனார். அணி உடைமாற்றும் அறைக்கு வந்தது. வீரர்கள் சட்டையைக் கழற்றினார்கள். அப்போதுதான் கம்பத்தார் அந்த முதுகுகளைச் சேர்த்துப் பார்த்தார். கன்றிச் சிவந்திருந்தன. கொக்கின் முதுகில் பந்தின் தையல் அப்படியே பதிந்திருந்தது.

கோல்கீப்பர் பக்கத்தில் வந்தார். "அண்ணே, பந்து வர்ற சத்தத்தை வச்சுத்தான் குதிக்கிறேன். கூட்டம் கத்தினா அதுவும் கேட்கல. ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கட்டுமா?"

கம்பத்தார் கொக்கின் முதுகைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். சாத்தியிருந்தது.

"எல்லாரும் திரும்புங்கடா," என்றார். "பார்த்து ஆடுங்க. காலால உதைங்க."

"ஐயா கேட்டா?"

"யார் கேட்டாலும் நான் சொன்னேன்னு சொல்லு. நான் பார்த்துக்கறேன்."

இரண்டாம் பாதியில் நம் வீரர்கள் முதன்முதலாக எதிரணியின் முகத்தைப் பார்த்தார்கள். கோல்கீப்பர் பாய்ந்து ஒரு பந்தைப் பிடித்தார். பிடித்ததை நம்ப முடியாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிரணியால் அதற்குமேல் ஒரு கோலும் போட முடியவில்லை. கடைசியில் நம் கோல்கீப்பர் உருட்டிவிட்ட பந்து நாலைந்து கால்கள் மாறிக் கொக்கிடம் வந்தது. கொக்கு நிமிர்ந்து பார்த்தார், ஓர் எட்டு வைத்தார், ஓரமாகத் தட்டிவிட்டார். வலை அசைந்தது. கம்பத்தார் குழந்தைபோல் குதித்தார். கன்னத்தில் நீர் வழிந்ததைத் துடைக்கவும் மறந்துவிட்டார்.

திரும்பி வந்ததும் தலைவர் அறையில் விசாரணை.

"ஏழு கோல் வாங்கினது பெரிசில்ல," என்றார் தலைவர். "உத்தியை மீறி ஒரு கோல் போட்டிருக்கீங்க. அதுதான் மன்னிக்க முடியாதது. உலகம் என்ன நினைக்கும்? காலாலயும் நமக்கு ஆட வரும்னா, இத்தனை வருஷமா ஏன் ஆடலன்னு கேட்க மாட்டானா?"

நியாயமான கேள்வி.

"யாரு திரும்பச் சொன்னது?"

கம்பத்தார் நாற்காலியில் நிமிர்ந்தார். சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் வந்திருந்தார். வழியில் இரண்டு தடவை சொல்லியும் பார்த்திருந்தார். அதற்குள் தலைவர் அவர் பக்கம் திரும்பிச் சிரித்தார். "உங்களுக்கு இதுல வருத்தம் இருக்கும், தெரியும். அதனாலதான் ஒரு முடிவெடுத்திருக்கோம். மைதான வாசல்ல உங்களுக்கு வெண்கலச் சிலை. ஆள் உயரத்துக்கு ரெண்டு மடங்கு!"

கம்பத்தாரின் வாய் திறந்தது, மூடிக்கொண்டது. கோல்கீப்பர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கம்பத்தார் மெல்ல எழுந்து ஜன்னலோரம் போய், வெளியே ஏதோ முக்கியமாக நடப்பதுபோல் பார்க்கத் தொடங்கினார். வெளியே ஒரு காவலாளி பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

தலைவர் மறுபடியும் வீரர்கள் பக்கம் திரும்பினார்.

"நாங்களாத்தான் திரும்பினோம் ஐயா," என்றார் கோல்கீப்பர்.

கோல்கீப்பருக்கும் கொக்குக்கும் ஆயுள் தடை. கொக்கின் கோல் அணியின் சரித்திரத்திலிருந்து நீக்கப்பட்டது. உத்தரவில் தலைமைப் பயிற்சியாளர் என்ற முறையில் கம்பத்தார் கையெழுத்திட்டார். தலைமைப் பொறுப்பு என்றால் சும்மாவா? எத்தனையோ கடினமான முடிவுகளை எடுக்க வேண்டியிருக்கிறது!

சிலை திறப்பு விழா கோலாகலமாக நடந்தது. தலைவர் திரையை விலக்கினார். வாசலில் நுழையும் எல்லோருக்கும் முதலில் தெரிகிற மாதிரி, பிரம்மாண்டமான ஒரு வெண்கல முதுகு.

கம்பத்தாரின் மனைவி சுற்றி வந்து பார்த்தாள். "முகம் எங்கங்க?" என்று சிற்பியைக் கேட்டாள்.

"முகம் கேட்கலீங்கம்மா," என்றார் சிற்பி. "முதுகுக்குத்தான் சொன்னாங்க."

கூட்டம் கலைகிற நேரத்தில் கோல்கீப்பர் வந்தார். தடை மைதானத்துக்குள் நுழைவதற்குத்தான். வாசலில் நிற்கத் தடையில்லை. சிலையை நிதானமாக மேலும் கீழும் பார்த்தார். கம்பத்தாருக்கு நிற்கவும் முடியவில்லை, நகரவும் முடியவில்லை. ஏதாவது பேசியாக வேண்டுமே என்று, "எப்படித் தம்பி, என்னை மாதிரி இருக்கா?" என்று கேட்டார்.

"அப்படியே இருக்குண்ணே," என்றார் கோல்கீப்பர். "அன்னைக்கு அந்த ரூம்ல நான் உங்களை இப்படித்தான் பார்த்தேன்."