தேவாரமும் ஒரு தொனாடாதான்

பயம் வந்தால் சிலருக்கு வியர்க்கும். எனக்குத் தேவாரம் வரும்.

எண்பதுகளின் நடுவில் ரொறன்ரோவில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். (ஊருக்குச் சொன்னது: ‘ஹோட்டல் நிர்வாகம்’.) தலைமைச் சமையற்காரி மார்த்தா, சிலி நாட்டுக்காரி. சூப் கிண்டும்போது எதையோ முணுமுணுப்பாள். கேட்டால், “தொனாடா” என்பாள். ஸ்பானிய மொழியில் மெட்டுக்கு அதுதான் பெயராம். அவர்கள் விருந்துகளில் பாடும் ஒருவகைப் பாட்டுக்கும் அதுவே. கடைசி அடிகளில் விருந்து வைத்தவரைப் பெயர்சொல்லி வாழ்த்தவேண்டும். ஒருவர் பேசும்போது வரும் இழுவைக்கும் அதே சொல்.

“உன் இங்கிலிஷிலும் ஒரு தொனாடா இருக்கிறது” என்றாள். பாராட்டென்று நினைத்து, பிறகு இன்னும் கொஞ்சம் இழுத்தே பேசினேன்.

அப்போது என் மாமா மகன் குகன் வேலையில்லாமல் என் அறையில் இருந்தான். கோப்பை கழுவ இன்னோர் ஆள் தேவைப்பட்டது. ஆளை எடுப்பவள் மார்த்தா. அவள் தன் பிறந்தநாளுக்கு என்னைக் கூப்பிட்டதும் அவனையும் இழுத்துக்கொண்டு போனேன்.

கேக்கில் மெழுகுதிரி கொளுத்தியாயிற்று. மார்த்தா, தொனாடா பாடிக்கொண்டிருந்த தன் ஊர்க்காரரிடம் கிற்றாரை நிறுத்தச் சொல்லி என்னைக் காட்டினாள். “இனி உங்கள் ஊர்த் தொனாடா!”

தெரிந்த பாட்டெல்லாம் பறந்துவிட்டது.

“மச்சான், என்ர வேலையடா! எதையாவது பாடித் துலை” என்று குகன் விலாவில் இடித்தான்.

வாயைத் திறந்தேன். பள்ளிக்கூடத்தில் காலையில் பாடும் தேவாரம் வந்தது.

குகன் பழக்கதோஷத்தில் எழும்பி, கண்ணை மூடிக் கைகூப்பினான். அதைக் கண்ட சிலிக்காரர் அத்தனைபேரும் கிளாஸை வைத்துவிட்டு எழும்பினார்கள். ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றினார். எங்கே முடிப்பதென்று தெரியாமல் திரும்பத் திரும்பப் பாடினேன். மெழுகுதிரி உருகிக் கேக்கில் குளமாய் நின்றது. அவள் பெயர் வரவேண்டுமே! சிவபெருமானைச் சற்று நகர்த்திவிட்டு “மார்த்தாஆஆ” என்று இழுத்து முடித்தேன்.

“திருச்சிற்றம்பலம்!” என்று குகன் முழங்கினான்.

“செத்தது யார்?” மார்த்தா மெல்லக் கேட்டாள்.

“ஒருவருமில்லை. இது... வாழ்த்து.”

அவள் சிரித்த சிரிப்பில் கண்ணீர் வந்துவிட்டது. குகனைக் காட்டிச் சொன்னாள்: “இவ்வளவையும் அசையாமல் நின்று கேட்டவன் கோப்பையும் பொறுமையாகக் கழுவுவான். திங்கட்கிழமை வரச்சொல்லு. நீ மட்டும் என் குசினியில் பாடக்கூடாது.”

இன்றைக்கும் எங்கள் வீட்டுப் பிறந்தநாட்களில் குகன் “மச்சான், தொனாடா!” என்பான், பிள்ளைகள் எல்லாம் எழும்பிக் கைகூப்பும். பள்ளிக்கூடத்தில் ஸ்பானியம் படித்த என் மகள், மெட்டு, பாட்டு, பேச்சிழுவை என்று அந்தச் சொல்லின் மூன்று பொருளையும் ஒப்புக்கொண்டாள்.

“நாலாவதும் ஒண்டு இருக்கு, மாமா” என்றாள் குகனிடம். “அப்பா பாட வெளிக்கிட்டா, கெதியா மெழுகுதிரிய ஊதி நூர்க்கிறது.”