சிங்கப்பூர் தட்டும் ஒரு தபால்தலையும்

எந்தப் பொருளைக் கையில் வாங்கினாலும், எங்கே செய்தது என்று திருப்பிப் பார்க்கும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. டம்ளர், குடை, செருப்பு எதுவும் தப்பாது. அந்தப் பழக்கத்தால் என் கல்யாணமே நின்றுபோக இருந்தது.

எல்லாம் பழைய பாட்டுத்தட்டுகளால் வந்த வினை. பக்கத்துக்கு ஒரு பாட்டு மட்டும் இருக்கும் சின்ன இசைத்தட்டு இருக்கிறதே, அதில் ஒரே பாட்டு லண்டனில் ஓர் அச்சு, கல்கத்தாவில் ஓர் அச்சு என்று பல நாடுகளில் வந்திருக்கும். எது எந்த நாட்டு அச்சு என்று கண்டுபிடிப்பதில் எனக்கு ஒரு கிறுக்கு. நடுவில் ஒட்டியிருக்கும் வட்டத் தாளின் விளிம்பெழுத்து, பாட்டு முடிந்தபின் வரும் வெற்று வளையத்தில் பொறித்த எண், துளையின் அகலம் இவற்றைப் பார்த்தால் போதும். எங்கெங்கோ இருக்கும் சேகரிப்பாளர்கள் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிக் கேட்பார்கள். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மச்சில் உட்கார்ந்துகொண்டு நான் தீர்ப்பு வழங்குவேன். (அப்போது எனக்கிருந்த கர்வத்துக்கு நீதிபதி நாற்காலிகூடப் பத்தாது.)

புன்னைக்காயலிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை சேவியரை எனக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. (காபியைச் சத்தமில்லாமல் குடித்தார். எங்கள் வீட்டில் அது அதிசயம்.) கூட வந்தவர்களில் முக்கியமானவர் அவருடைய பெரியப்பா, ராயப்பன் மாமா. இளவயதில் கப்பலில் வேலை பார்த்தவர். ஊரில் சிங்கப்பூரார் என்று கேட்டால்தான் வீடு காட்டுவார்கள். அவர் தலையசைத்தால்தான் அந்தக் குடும்பத்தில் எதுவும் நடக்கும்.

என் கிறுக்கைப் பற்றிக் கேள்விப்பட்டு, துண்டில் பொதிந்து ஒரு தட்டைக் கொண்டுவந்திருந்தார். முதன்முதலில் சிங்கப்பூர் போனபோது வாங்கிய ஆங்கிலப் பாட்டாம். நடுத்தாளின் ஓரத்தில் ஒரு சிங்கப்பூர் தபால்தலை ஒட்டியிருந்தது. ஞாபகத்துக்கு ஒட்டியது என்றார். நன்றாயிருக்கிறது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்திருக்கலாம். அம்மாவும் அடுக்களை வாசலில் நின்று கண்ணாலேயே அடக்கிப் பார்த்தாள்.

நான் அடங்குகிற ஆளா? அச்சான நாட்டின் பெயர் இந்தத் தபால்தலைக்கு அடியில்தான் இருக்கும், எடுத்துவிட்டால் சிங்கப்பூர் அச்சா லண்டன் அச்சா என்று தெரிந்துவிடும் என்றேன்.

"அது அங்கனயே இருக்கட்டும்மா," என்றார் மாமா.

என்ன தன்னடக்கம் என்று வியந்தபடி, முந்தானை நுனியைத் தண்ணீரில் நனைத்து ஒத்தினேன். கொஞ்ச நேரத்தில் தலை கிழியாமல் கழன்று வந்தது. அடியில் இருந்ததை, பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் பரிசு அறிவிக்கிற குரலில் வாசித்தேன்.

"மேட் இன் இந்தியா."

மாமாவின் மனைவி பிலோமி அத்தைதான் முதலில் வாய் திறந்தார்.

"அப்போ நீங்க சிங்கப்பூருக்கே போவலியா? எனக்குக் கொண்டாந்த சேலயும் இப்பிடித்தானா?"

மாமாவின் முகத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகை முட்டியது. ஒரு மனிதர் ஊரில் வாங்கிய பேரை ஈர முந்தானையால் துடைத்துவிட்டேனே. சேவியர் காலி டம்ளருக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். இந்தச் சம்பந்தம் இதோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

பதற்றத்தில் கையிலிருந்த தபால்தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். (பழக்கம் விடுமா?) அதில் தபால் முத்திரை விழுந்திருக்கவில்லை. கடிதத்தில் வந்த தலை என்றால் முத்திரை இருக்கும், இது அங்கே போய்ப் புதிதாக வாங்கியது, ஆகவே மாமா போனது உண்மைதான் என்று திக்கித் திணறிச் சொன்னேன்.

மாமாவுக்குப் போன உயிர் வந்தது. அங்கே பழைய தட்டு விற்கிற கடையில் வாங்கினாராம். நம் நாட்டு அச்சு அவருக்கு முன்னாலேயே கடல் தாண்டிப் போய் உட்கார்ந்திருக்கிறது. திரும்பி வரும்போது கப்பலில்தான் அந்த எழுத்தைக் கவனித்திருக்கிறார். ஊரார் சிரிப்பார்களே என்று கையிலிருந்த தபால்தலையை ஒட்டி மறைத்துவிட்டார்.

"ஏளா, நான் போயிட்டுத்தான் வந்தேன். இந்தத் தலகூட ஒனக்குக் கடுதாசி போட வாங்குனதுதான்."

அத்தை தபால்தலையைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார்.

"எனக்குக் கடுதாசியே வரலியே. கேட்டதுக்குத் தபால்காரரத்தான குத்தம் சொன்னீங்க?"

முதலில் சிரித்தது சேவியர். பிறகு வீடே சிரித்தது. அந்தத் தட்டை மச்சுக்குக் கொண்டுபோய் என் ரெக்கார்டு பிளேயரில் போட்டோம். கீறல் விழுந்த பாட்டுதான். அத்தைக்கு அதில் ஒரு சொல்லும் புரியாது. ஆனாலும் மறுபடி போடச் சொல்லிக் கேட்டார். மாமா கூடவே முணுமுணுத்துக்கொண்டு, தலையையும் அசைத்துவிட்டார்.

என் மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு வந்த ராயப்பன் மாமா, குழந்தையைக் கையில் வாங்கியதும் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்து, குழந்தையிடமே சொன்னார்.

"எங்கன செஞ்சதுன்னு எழுதிருக்கான்னு பாக்கேன். ஒங்கம்மா தொடச்சிட்டான்னா பொறவு தெரியாதுல்லா."

மாமா இப்போது இல்லை. அந்தத் தட்டு என்னிடம்தான் இருக்கிறது, தபால்தலையைப் பழைய இடத்திலேயே ஒட்டி வைத்திருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் எந்தக் குழந்தை பிறந்தாலும் பிலோமி அத்தை முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் உள்ளங்காலைத் திருப்பிப் பார்க்கிறார்.