தாமதமாக வருபவர் கவனத்திற்கு

இனிமேலாவது இந்த வீடு வீடாக இருக்க வேண்டும் என்று அட்டவணைக்காரர் முடிவு கட்டினார். பஸ் டிப்போவில் இருபது வருஷமாக வண்டிகளுக்கு நேரம் போட்டுக் கொடுக்கிற மனுஷர். நாற்பது வண்டியை மேய்க்கிறவருக்கு வீட்டில் மூன்று பேரை ஒன்று சேர்க்க முடியவில்லை. மனைவி மருந்துக்கடையில் நின்று நின்று கால் வீங்கி வருவாள். மகள் பள்ளிக்கூடம், டியூஷன், பந்து என்று சுற்றிவிட்டு வருவாள். மூவரும் பேசிக்கொள்வதே ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிய சீட்டில்தான். மகள் வளர்ந்துவிட்டதைப் போன வாரம் வாசலில் கிடந்த செருப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். பாவம், மனசு கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வீட்டுக்கும் ஒரு அட்டவணை போட்டார். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு மூவரும் சேர்ந்து பாத்திரம் கழுவி, துணி மடிக்க வேண்டும். அது முடிந்தால்தான் சாப்பாடு. அப்புறம் அரை மணி நேரம் ஒன்றாக உட்கார்ந்து பேச்சு.

மனைவி கடைசி வரி வரைக்கும் படித்தாள். டாக்டர் கிறுக்கலையே படிக்கிற கண்ணாயிற்றே!

“ஏங்க, அடியில பொடி எழுத்துல என்னமோ இருக்கே?”

“அது சும்மா.”

“தாமதமாக வருபவர் வேலைக்கு நிற்காமல் நேராகச் சாப்பாட்டுக்கு வரலாம். இது யாருக்கு?”

“டிப்போ வழக்கம்மா. லேட்டான வண்டி சின்ன ஸ்டாப்புல நிக்காது.”

“எல்லாருக்கும் பொதுவா?”

“பொதுதான்.”

“சரி” என்றாள். அவள் இவ்வளவு சீக்கிரம் சரி என்றால் ஆள் உஷாராக வேண்டும். பதினாறு வருஷம் குடித்தனம் பண்ணியும் இவருக்கு அது உறைக்கவில்லை.

மறுநாள் வேண்டுமென்றே டீக்கடையில் உட்கார்ந்துவிட்டு, ஏழு இருபதுக்கு அலுத்துச் சலித்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வந்தார். வீடு பூட்டிக் கிடந்தது. சாப்பிடத் தட்டுகூட இல்லாமல் தொட்டி நிறையப் பாத்திரம். பசி வேறு. வேறு வழி? கழுவினார். சமையலறை மேசையில் துணியை மடித்தார். விளக்கை அணைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்ததும் வராததுமாக அழைப்புமணி அடித்தது.

“கடையில ஒரே கூட்டங்க” என்றாள் மனைவி.

“கோச் விடலப்பா” என்றாள் மகள்.

இருவரும் நேராகச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். சாப்பிட்ட கையோடு கொட்டாவி விட்டார்கள். பேச்சு அவ்வளவுதான். அடுத்த நாள் ஏழரைக்கு வந்தார். வீடு பூட்டு. அதற்கடுத்த நாள் ஏழே முக்கால். அப்போதும் பூட்டு. எப்போது வந்தாலும் கடைசித் துணியை மடித்து விளக்கை அணைத்ததும் மணி அடிக்கும். மூன்று வாரத்தில் மனுஷர் துவண்டு போனார். உடம்பு வலிகூடப் பரவாயில்லை. மகளிடம் நாலு வார்த்தை பேசக் கிடைக்கவில்லையே என்பதுதான் தாங்க முடியவில்லை.

இருபத்திரண்டாம் நாள் பாதித் துணியில் குப்பைப் பை நிரம்பி வழிந்தது. கொட்டிவிட்டு வரலாம் என்று பின்படி வழியாகக் கீழே இறங்கினார். சைக்கிள் நிறுத்துமிடத்து பெஞ்சிலிருந்து சிரிப்புச் சத்தம். மனைவியும் மகளும்! நடுவில் ஒரு பிஸ்கட் பாக்கெட்.

“அம்மா, லைட்டு இன்னும் எரியுது. இன்னைக்கு ரொம்ப ஸ்லோ.”

“வயசாகுதில்ல, பாவம். நீ கதையைச் சொல்லு.”

அட்டவணைக்காரர் குப்பைப் பையோடு அவர்கள் முன்னால் போய் நின்றார். “என்னை விட்டுட்டு ரெண்டு பேரும் இங்கேயா இருக்கீங்க?”

மனைவி அசரவில்லை. “தினமும் அரை மணி நேரம் ஒண்ணா உட்கார்ந்து பேசணும்னு நீங்கதானே போட்டீங்க? ஒரு நாள்கூட நாங்க தவறல. எத்தனை வருஷமாச்சு, இவ இப்படி வாய் ஓயாம எங்கிட்டப் பேசி! எல்லாம் உங்க புண்ணியம்தான்.”

மகள் நகர்ந்து உட்கார்ந்தாள். “வாங்கப்பா, இடம் இருக்கு.”

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை. உட்கார்ந்தார். மகள் பாதி பிஸ்கட்டை நீட்டினாள். வாயில் வைக்கப் போகும்போது மனைவி மேலே ஜன்னலைப் பார்த்தாள்.

“துணி மடிச்சாச்சா?”

“பாதி.”

“அப்ப சீக்கிரம் வந்துட்டீங்க” என்று பிஸ்கட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். “போய் முடிச்சுட்டு, லேட்டா வாங்க.”