டாக்டரே சிபாரிசு செய்த ரொட்டி

பெருமதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

தங்கள் தம்பியாகிய பேக்கரிக்காரன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான், என் மனைவி, மகள் யாவரும் நலம். தாங்கள்தான் நம்ப மாட்டேன் என்கிறீர்கள். எனக்குக் கோபம் வந்தால் 'தாங்கள்' வரும் என்பது தாங்கள் அறியாததல்ல.

போன தடவை வந்தபோது, வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள், "டேய், உனக்குக் கோதுமை ஒத்துக்கலடா, ரத்தம் டெஸ்ட் பண்ணு" என்றீர்கள். பேக்கரிக்காரனுக்குக் கோதுமை ஆகாதாம்! தையல்காரனுக்குத் துணி ஆகாது என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். அடுப்பிலிருந்து இறங்கும் ரொட்டியில் முதல் துண்டை முதலாளி தின்று பார்த்த பிறகே விற்க வேண்டும் என்பது நம் அப்பா போட்ட சட்டம். அதைத் தின்றே வளர்ந்தவன் நான். வயிறு உப்பியிருக்கிறதா? முதலாளிக்குக் கொஞ்சம் வயிறு வேண்டாமா? கை கால் குச்சியாகிவிட்டதா? உழைப்பு. வாய்ப்புண்ணா? அடுப்புச் சூடு. அடிக்கடி கக்கூஸுக்கு ஓடுறேனா? அங்கதான் நிம்மதியா உட்கார முடியுது. எத்தனை இரும்புச்சத்து மாத்திரை முழுங்கியும் ரத்தம் ஏறலையா? மாத்திரை சரியில்லை. உங்க வீட்டுல தங்கி மூணு வேளையும் சோறு தின்ன வாரம் மட்டும் எல்லாம் சரியாச்சேன்னு கேட்பீங்க. அது ஓய்வு! உங்க சமையலுக்கு அந்தப் பெருமையை நான் தர மாட்டேன்.

உங்க வாயை அடைக்கத்தான் டாக்டர்கிட்ட போனேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "டெஸ்ட் எடுக்கிற வரைக்கும் கோதுமையை நிறுத்தாதீங்க, வழக்கம்போல சாப்பிடுங்க." கேட்டுக்குங்க! அதை அட்டையில எழுதி கல்லாவுக்கு மேல மாட்டிட்டேன்: 'டாக்டரே சிபாரிசு செய்த ரொட்டி'. முதல் துண்டோட ரெண்டாவதையும் சேர்த்துத் தின்னேன். மகளுக்கும் ஊட்டினேன். வகுப்பிலேயே குள்ளம் அவ. எப்பப் பாரு வயித்துவலின்னு சுருண்டு படுத்துக்கிறா. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட நடிப்பு, அத்தையோட வாரிசாச்சே! தின்னாத்தானே வளருவா?

அத்தானுக்கு என் வணக்கம். தாங்கள் அடுத்தவர் வயிற்றைப் பார்ப்பதை விட்டு நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
திடகாத்திரமான தங்கள் தம்பி

பின்குறிப்பு: அக்கா, கவரை ஒட்டுறதுக்குள்ள ரிசல்ட் வந்துடுச்சு. நீ சொன்னதேதான். ரத்த சொந்தம்கிறதால மகளுக்கும் பார்க்கணுமாம். அட்டையைக் கழட்டிட்டேன். டெஸ்ட் எடுக்கிற வரைக்கும் அவளும் ரொட்டியை நிறுத்தக் கூடாதாம், நிறுத்தினா டெஸ்ட்ல தெரியாதாம். இன்னைக்கு அந்தத் துண்டை எடுத்துக் கொடுக்க எனக்குக் கை வரலை. விஷயத்தைச் சொன்னேன். அழுவான்னு நெனச்சேன். "அப்போ நான் நடிக்கலைதானேப்பா?"ன்னு கேட்டா. நீ கிளம்பி வாக்கா.